நூல் போகும் பக்கம்

மார்ச் 9, திங்கள்

வேலை முடிந்து வந்தபோது அவர் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துபோட்டு, அதன் முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு முழங்காலிலும் உறைந்த பட்டாணிப் பொட்டலம்.

“என்னங்க இது?”

“காலு கெட்டுப்போகாம இருக்க உள்ள வைக்கலாம்னு பாத்தேன். இடமில்ல.”

சிரித்தேன். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றேன். மார்ச்சே இப்படி என்றால் மே?

அவருக்கு எம்.எஸ். நரம்புகளின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்கிற நோய். மருந்தில் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் உடம்பில் சூடு ஏறிவிட்டால் கால் அவர் பேச்சைக் கேட்காது, பார்வை மங்கும். குளிர்ந்ததும் திரும்பிவிடும். போன கோடையில் நடையில் விழுந்து, நான் வரும்வரை அங்கேயே கிடந்தார். “தரை ஜில்லுனு இருந்துச்சு, அதான் எழுந்திரிக்கல” என்றார் அப்போதும்.

இந்தக் கோடையை அப்படி விடமாட்டேன்.

மார்ச் 11, புதன்

செயலாளரைப் பார்க்கப் போனேன். எங்களுக்கு நேர் கீழ் வீடுதான். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஆயுள் முழுக்க அவரே செயலாளர் போலிருக்கிறது.

வீட்டில் ஏசி வைப்பதற்குத் தடையில்லை. அதன் வெளிப்பெட்டிக்குத்தான் தடை. முன்பு மேல்மாடி ஒன்றிலிருந்து ஒரு பெட்டி, துருப்பிடித்த தாங்கியோடு பிய்த்துக்கொண்டு கீழே நின்ற காரின் மேல் விழுந்தது. காரில் ஆளில்லை. அன்றிலிருந்து விதி: வெளிச்சுவரில் எதுவும் தொங்கக் கூடாது. பூந்தொட்டி உட்பட.

“சார், டாக்டர் சர்ட்டிஃபிகேட் இருக்கு.”

“நீங்க டாக்டர் சர்ட்டிஃபிகேட் கொண்டு வருவீங்க. எதிர் வீட்டுக்காரர் மாமியார் சர்ட்டிஃபிகேட் கொண்டு வருவார். நான் யாரை நிறுத்தறது, சொல்லுங்க?”

“மொட்டை மாடியில?”

“அங்கேருந்து குழாய் எது மேல இறங்கும்? சுவர் மேலதானே?”

கெட்ட மனிதர் இல்லை. அந்தக் கார் அவருடையது. அவ்வளவுதான்.

மார்ச் 14, சனி

ஏசிக்காரரிடம் நானே நேரில் போய்க் கேட்டேன். வெளிப்பெட்டி இல்லாமல் என்னென்ன உண்டு?

அவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டார். “ஏசி குளிரை உண்டாக்கறதில்லம்மா. உள்ள இருக்கற சூட்டை வாரி வெளிய கொட்டுது. கொட்ட எடமே குடுக்கமாட்டேன்னா எப்படி?”

தண்ணீர் ஊற்றி ஊதுகிற கூலர்: அறையில் ஈரம் ஏறும், வியர்வை ஆறாது. அவருக்கு அது இன்னும் மோசம். ஜன்னலில் செருகும் ஏசி: பாதி உடம்பு வெளியே நிற்கும், செயலாளருக்கு மாரடைப்பு வரும். குழாய்த் தண்ணீரில் சூட்டைக் கரைத்துச் சாக்கடைக்கு அனுப்புகிற வகை: எங்களுக்கு வருகிற தண்ணீர் குளிக்கவே போதாது.

ஒன்று பிடித்திருந்தது. எல்லாமே ஒரே பெட்டிக்குள். உள்சுவரில் ஒட்டி நிற்கும். சுவரில் வட்டமாக இரண்டு துளை. ஒன்றின் வழியாக வெளிக்காற்றை இழுத்து, அதன் தலையிலேயே சூட்டை ஏற்றி, இன்னொன்றின் வழியாகத் தள்ளிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு மூடி. கடையிலிருந்தே செயலாளருக்குப் போன் செய்தேன். “துளையா? வெளிச்சுவரிலயா?” என்றார். அதற்குமேல் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மிச்சமிருந்தது சக்கரம் வைத்த ஏசி. அறைக்குள்ளேயே நிற்கும். யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு பெரிய குழாய். அதை ஜன்னல் வழியாக வெளியே நீட்டிவிட வேண்டும். சுவரில் எதுவும் தொங்காது.

அதையே சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 19, வியாழன்

வந்துவிட்டது. படுக்கையறையின் நடுவில் உட்கார்ந்துகொண்டு உறுமுகிறது. அதற்காகக் கட்டிலை நகர்த்தி, மேசையை நகர்த்தி, நாங்களும் குரலை உயர்த்தி—

“வீட்டோட மாப்பிள்ளை வந்துட்டார்” என்றார் அவர். பேர் நிலைத்துவிட்டது. மாப்பிள்ளை.

ஆனால் குளிர்ச்சி போதவில்லை. குழாய்க்காக ஜன்னலைத் திறந்து வைத்த சந்து வழியாக வெளிச்சூடு கொட்டுகிறது. கடையில் தந்த பிளாஸ்டிக் பலகை எங்கள் ஜன்னலுக்குப் பொருந்தவில்லை. பரவாயில்லை. இது என் வேலை.

மார்ச் 22, ஞாயிறு

எவ்வளவு நாளாயிற்று, ஒரு வேலையை இப்படி ஆசையாகச் செய்து.

கம்பெனியில் நான் வெட்டுவது கூடாரத் துணி. மழை, காற்று, தூசி எதுவும் உள்ளே வரக் கூடாத துணி. ஒரு கூடாரத்தைத் தைத்து முடித்ததும் எங்களுக்கு ஒரு சோதனை உண்டு: உள்ளே காற்றடிக்கும் விசிறியை — ஊதி என்போம் — ஓடவிட்டு, தையல் நெடுக மெல்லிய நூல்களைத் தொங்கவிடுவோம். எங்கே நூல் ஆடுகிறதோ அங்கே கசிவு. வேறு கருவி வேண்டாம்.

ஜன்னலுக்கு இரட்டைத் துணியில் மூடி தைத்தேன். குழாயின் கழுத்துக்கு நாடா வைத்து இறுக்கம், ஓரமெல்லாம் ஒட்டுப்பட்டை, நடுவில் ஜிப். மாட்டிவிட்டு நூல் பிடித்தேன். ஆடவில்லை! ஆனால் அறைக் கதவின் கீழே ஆடியது. கூடத்து ஜன்னலில் ஆடியது. சமையலறை ஜன்னலில் கூட. வெளிச்சூடு எங்கெங்கோ சுற்றிக்கொண்டு வருகிறது. விடுவேனா? எல்லா ஜன்னலுக்கும் பட்டை வைத்தேன். வாசற்கதவின் அடியில் துணி உருளை.

சாயங்காலம் அவர் கைத்தடி இல்லாமல் கட்டிலைச் சுற்றி நடந்து காட்டினார்.

“கத்திரி,” என்றார். கல்யாணமான புதிதில் வைத்த பேர். “நீ நெனச்சா மொத்த ஊரையும் உறை போட்டு வச்சிருவே.”

மார்ச் 23, திங்கள்

வகுப்பை முழுதாக நடத்தி முடித்தாராம். கணினி முன் உட்கார்ந்து கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவருக்கு அதுதான் உயிர்.

மார்ச் 29, ஞாயிறு

செயலாளரின் மனைவி மேலே வந்தார். மூடுதுணியைத் தடவிப் பார்த்தார். அவர்கள் மகள் கைக்குழந்தையோடு வந்திருக்கிறாள். அவர்களும் சக்கர ஏசி வாங்கிவிட்டார்கள். “எங்க வீட்டு ஜன்னலும் இதே அளவுதானேம்மா?”

அளவெடுக்கக் கூடத் தேவையில்லை. இன்று பகலிலேயே தைத்து, நானே போய் மாட்டி, நூல் பிடித்து, எல்லா ஜன்னலுக்கும் பட்டை வைத்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டைவிடச் சுத்தமாக வந்திருக்கிறது.

சும்மா செய்யவில்லை. செயலாளர் மனம் இளகினால் அந்த இரண்டு துளை கிடைக்காதா என்று ஒரு நப்பாசை. மாப்பிள்ளையின் உறுமலில் அவருக்கு வகுப்பு நடத்தச் சிரமமாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

தலைவலி என்கிறார். கண்ணாடியை மாற்ற வேண்டுமோ?

ஏப்ரல் 6, திங்கள்

இன்றும். கால் நன்றாக இருக்கிறது. தலைதான்.

எனக்கும் லேசாக வலிக்கிறது. எனக்கு வலிப்பது தூக்கம் போதாமல். தோளும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய கத்திரியை நாளெல்லாம் தூக்குகிற தோள். மாலையில் வந்து வெந்நீரில் நெடுநேரம் நின்றால்தான் கை தலைக்கு மேல் எழுகிறது. “இந்த வெயில்ல வெந்நீர் குளிக்கற ஒரே ஜீவன் நீதான்” என்பார் அவர். இன்று அதுகூடச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார்.

ஏப்ரல் 8, புதன்

கீழ்வீட்டு மகளை மாடிப்படியில் பார்த்தேன். முகம் தெளிவாக இருந்தது. “உங்க துணி மாட்டினதிலேருந்து இவன் என்னமா தூங்கறான் அக்கா! எழுப்பித்தான் பால் குடுக்க வேண்டியிருக்கு.”

யாருக்காவது நல்லது நடக்கட்டும்.

ஏப்ரல் 10, வெள்ளி

டாக்டர் நிறையக் கேள்வி கேட்டார். மறதி? உண்டு. குமட்டல்? உண்டு. எரிச்சல்? அவர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

“சூட்டினாலன்னா குளிர்ந்ததும் போயிருக்கணும். இது போகல. மறுபடி நோய் தாக்குதான்னு பாக்கணும்.” மூளையை ஸ்கேன் எடுக்க வேண்டும். புதுப் புள்ளிகள் இருந்தால் மருந்தை மாற்ற வேண்டும். அந்த மருந்துக்கென்று தனியாகப் பயப்பட வேண்டும்.

வெளியே வந்து, ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்காக நின்றோம். வெயில் கொளுத்தியது. கால் தளர்ந்து என் மேல் சாய்ந்துகொண்டார். ஆனால், “தலை இப்ப பரவால்ல” என்றார். எனக்கு ஆறுதல் சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 13, திங்கள்

வகுப்பின் நடுவில் நிறுத்திவிட்டாராம். பலகையில் போட்டு முடித்த கணக்கையே திரும்பப் போட ஆரம்பித்திருக்கிறார். பிள்ளைகள் யாரும் வாயைத் திறக்கவில்லை. “சிரிச்சிருந்தாக்கூட பரவால்ல,” என்றார். “மரியாதையா பேசாம இருந்தாங்க.”

பிறகு: “காலு போனா நாற்காலி இருக்கு. இது போனா என்னடி இருக்கு எனக்கு?”

நான் எழுந்து போய் ஜன்னல் மூடியின் ஓரத்தை இன்னும் அழுத்தி ஒட்டினேன். குளிர் போதவில்லையோ என்று.

ஏப்ரல் 14, செவ்வாய்

சண்டை. எதற்கு என்று எழுதக் கூட வெட்கமாக இருக்கிறது. ஒரு டீக் கோப்பைக்கு.

“நான் அக்கா வீட்டுக்கே போயிடறேன்” என்றார். அக்கா இருப்பது மலைப் பிரதேசம். அங்கே கோடையிலும் போர்வை வேண்டும்.

“எவ்வளவு நாளைக்கு?”

எனக்கு வேலை இங்கே. அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னாரா?

போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். ஒரே நொடி. நிம்மதியாகத் தூங்கலாம் என்று. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

ஏப்ரல் 17, வெள்ளி

நாத்தனார் வந்துவிட்டார், காரோடு. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பம். “என் தம்பியை ஐஸ் பெட்டில போட்டு வச்சிருக்கே, மீன் மாதிரி. காத்து வேணாமா மனுசனுக்கு?”

“வெளிக்காத்துதான் அண்ணி அவருக்கு ஆகல.”

“எங்க வீட்டுக் காத்து ஆகும்.”

ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. அவருடைய சட்டைகளை நான்தான் மடித்து வைத்தேன். மருந்துப் பெட்டி. கைத்தடி. பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து வைக்கலாமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. முன்பானால் சிரித்திருப்போம்.

ஏப்ரல் 18, சனி

ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

மாலை வேலையிலிருந்து வந்து குளிக்கப் போனேன். நாளை அவர் போகிறார் என்பதால் கூடுதலாகவே நின்றேன், தண்ணீரின் கீழே. அழுவதற்கு இந்த வீட்டில் வேறு இடமில்லை. வெளியே வந்தால் நாத்தனார் சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“என்னடி வீடு இது. தலை கிறுகிறுன்னு வருது.” சொல்லிக்கொண்டே தொட்டியில் வாந்தி எடுத்தார்.

அறையிலிருந்து அவர் குரல்: “எனக்கும் இதேதான் அக்கா தினமும்.”

“உனக்கு நோயிடா. எனக்கென்ன கேடு?”

தண்ணீர் டம்ளரோடு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கென்ன கேடு. அவருக்கு நோய். எனக்குத் தூக்கமில்லை. இவருக்கு என்ன?

சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் எங்கள் கேஸ் ஹீட்டர் மாட்டியிருக்கிறது. குழாயைத் திறந்தால் உள்ளே தீ எரிந்து தண்ணீர் சுடும். புகை மேலே ஒரு தகரக் குழாய் வழியாக வெளியே போகும். அதன் தலைப்பக்கம் சுவரில் கண்மை அப்பியது போல ஒரு கறுப்பு. மார்ச்சில் அது இல்லை. சமையல் கறை என்று நினைத்து இந்த வாரம் துடைத்தேன் கூட. துடைத்தேன்!

என் உடையில் எப்போதும் நூல் ஒட்டியிருக்கும். ஒன்றை எடுத்தேன். வெந்நீர்க் குழாயைத் திறந்தேன். தீ பற்றிக்கொண்டது. புகை வெளியேற வேண்டிய அந்த இடத்தில் நூலைப் பிடித்தேன்.

நூல் என் முகத்தைப் பார்த்து வந்தது.

அடிப்பாவி. எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் — ஊதி ஓடும்போது கூடாரத்தை முழுக்க மூடாதீங்க, காத்துக்கு ஒரு வழி விடுங்க, இல்லன்னா தையலைப் பிய்க்கும் என்று. மாப்பிள்ளையும் ஊதிதானே. அறைக்காற்றை வாரி வெளியே தள்ளுகிற ஊதி. தள்ளின அளவுக்குக் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்துதானே ஆக வேண்டும்? நான் எல்லாச் சந்தையும் அடைத்தேன். கடைசியாக மிச்சமிருந்த ஓட்டை இதுதான். புகை போகிற வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது, புகையையும் கூட்டிக்கொண்டு. மணமில்லாத, நிறமில்லாத விஷவாயு, கார்பன் மோனாக்சைடு. நான் வெந்நீரில் நின்ற ஒவ்வொரு மாலையும்.

ஹீட்டரை அணைத்தேன். மாப்பிள்ளையின் ஒயரைப் பிடுங்கினேன். ஜன்னல் மூடியைப் பிய்த்து எறிந்தேன். “எழுந்து வெளிய வாங்க, ரெண்டு பேரும், மாடிப்படிக்கு!” நாத்தனார் ஏதோ கேட்டார். அவரைத் தள்ளியே விட்டேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. இவன் என்னமா தூங்கறான் அக்கா.

படிகளை எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கதவைத் திறந்த மகள் விரலை உதட்டில் வைத்தாள்: “ஷ்ஷ். இப்பதான்—” அவளைத் தாண்டி ஓடினேன். அங்கேயும் அதே கேஸ் ஹீட்டர்தான். எங்கோ வெந்நீர் ஓடும் சத்தம். குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார் செயலாளரின் மனைவி. “தண்ணியை நிறுத்துங்க! குழந்தையைத் தூக்குங்க!” ஜன்னலுக்குப் போய் மூடியை இழுத்தேன். வரவில்லை. நான் தைத்தது. நாலு ஓரமும் இரட்டைத் தையல். பல்லால் கடித்துப் பிரித்தேன்.

செயலாளர் பின்னாலிருந்து கத்துகிறார், “என்னம்மா பண்றீங்க, பைத்தியமா?”

மாடிப்படிக்கு ஓடி வந்து மகள் குழந்தையை மடியில் போட்டாள். கன்னமெல்லாம் ரோஜா நிறம். தலை தொங்கியது. அவள் பேர் சொல்லிச் சொல்லி உலுக்குகிறாள். நான் அந்தப் பாதத்தைச் சுண்டினேன். மறுபடி. மறுபடி. முகம் கோணியது. பிறகு அழுதான் — கட்டடமே கேட்கிற மாதிரி.

நாத்தனாரின் காரில்தான் எல்லோரும் இங்கே வந்தோம். அத்தனை தலைவலியிலும் “நானே ஓட்டுவேன்” என்றார். சாவியைப் பிடுங்கி நான் ஓட்டினேன்.

குழந்தைக்கு ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். அவருக்கும். டாக்டர் எங்கள் எல்லோருடைய ரத்தத்தையும் பார்த்துவிட்டு, “சரியான நேரத்துல வந்தீங்க” என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தச் சின்ன முகமூடி. செயலாளர் எதிர் பெஞ்சில். என்னைப் பார்க்கவே இல்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

குழந்தைக்கு ஆபத்தில்லை. நாளை வீட்டுக்கு விடுவார்கள். இதை முதலில் எழுத வேண்டும்.

கேஸ் கம்பெனி ஆள் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். இரண்டு வீட்டிலும் அதேதான். ஹீட்டரை மூடி முத்திரை வைத்துவிட்டார். குழாய் ஏசி ஓடும் வீட்டில் இந்த ஹீட்டர் கூடாது, ஓடினாலும் ஒரு ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.

செயலாளர் படியில் நிறுத்தினார். “நீங்கதானேம்மா தைச்சுக் குடுத்தீங்க?”

“ஆமா சார்.”

“நான் வாங்கி மாட்டினேன் பாருங்க.” திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 20, திங்கள்

அவரிடம் சொன்னேன். அவருக்கு விஷயம் தெரியும். ஆனால் என் வாயால் சொல்ல வேண்டும். மூடினது நான். வெந்நீர் என்னுடையது. உங்க தலை வலிக்க வலிக்க இன்னும் இறுக்கி ஒட்டினதும் நான்தான்.

“அப்ப… என் மூளை போகலியா?”

“இல்லங்க.”

“நிச்சயமா?”

“அக்காவுக்கும்தானே வந்துச்சு.”

முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. “ரெண்டு வாரமா,” என்றார், “வகுப்புக்கு முன்னாடி வாய்ப்பாடு சொல்லிப் பாப்பேன் கத்திரி. ஒளிஞ்சு ஒளிஞ்சு. சின்னப் பையன் மாதிரி.”

என் மேல் கோபப்படுவார் என்று தயாராக வந்திருந்தேன். எனக்கு அது எளிதாக இருந்திருக்கும்.

நாத்தனார் காரில் தனியாகத்தான் போனார். போகும்போது என் கன்னத்தைத் தட்டி, “இனிமே கொஞ்சம் சுமாரா தை” என்றார்.

ஏப்ரல் 24, வெள்ளி

ஸ்கேன். புதுப் புள்ளிகள் இல்லை.

ஏப்ரல் 25, சனி

முடிந்தது என்று நினைத்தேன். இல்லை. நாளைச் சங்கக் கூட்டத்துக்குத் தீர்மானம் ஒட்டியிருக்கிறார்கள்: குழாய் ஏசி எந்த வீட்டிலும் கூடாது. வெளிப்பெட்டியும் கூடாது, உள்பெட்டியும் கூடாது. அப்படியென்றால் அவர் எங்கே போவார்? உச்ச வெயில் இன்னும் வரவே இல்லை.

போட்டவர் கையெழுத்து யாருடையது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

கூட்டம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லோருக்கும் என் கதை தெரிந்திருந்தது. என்னைவிட விவரமாகத் தெரிந்திருந்தது.

“அந்த மெஷினே எமன்” என்றார் மேல்வீட்டு வக்கீல்.

எழுந்தேன். “மெஷின் இல்ல. நான் மூடினதுதான் தப்பு. காத்துக்கு வழி விடாம அடைச்சேன். எங்க கம்பெனியில புதுசா வர்றவங்களுக்கு நான் சொல்லித் தர்ற முதல் பாடமே அது. தடை போட்டா என் வீட்டுக்காரரு கால் நிக்காது. வேற வழி இருக்கு. தயவுசெஞ்சு கேளுங்க.” இரண்டு துளை ஏசியைச் சொன்னேன். அது அறைக்காற்றைத் தொடாது. வெளிக்காற்றை இழுத்து வெளியிலேயே விடும். அதனால் வீட்டுக்குள் இழுப்பு இல்லை.

“வெளிச்சுவரில் துளை போட்டா நாளைக்கு—” என்று வக்கீல் ஆரம்பித்தார்.

செயலாளர் கையைக் காட்டி நிறுத்தினார். எல்லோரும் அவர் என்னைக் கிழிக்கப் போகிறார் என்றுதான் பார்த்தார்கள். நானும். “முற்றத்துப் பக்கச் சுவரு,” என்றார் மெதுவாக. “தெருவுக்குத் தெரியாது. கீழே யாரும் நடக்கறதில்ல. துளை எதன் மேலயும் விழாது.”

“சார், இத்தனை நாள் நீங்கதான்—” என்றார் வக்கீல்.

“இத்தனை நாள் என் கார் மேல விழுந்ததை மட்டும் பாத்தேன். இப்ப என் பேரன் வேர்த்து வேர்த்து அழறான், அவனையும் பாக்கறேன்.” பிறகு என்னைப் பார்த்தார், அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக. “இவங்க பல்லால கடிச்சுப் பிச்ச துணி எங்க வீட்ல அப்படியேதான் கெடக்கு.”

தீர்மானத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கையெழுத்து வக்கீலுடையதாம்.

மே 11, திங்கள்

சுவரில் இன்னும் துளை போடவில்லை. அனுமதிக் கடிதம், பொறியாளர், அவர் பார்த்து, இவர் பார்த்து. அதுவரை மாப்பிள்ளைதான், சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு. அரைக் குளிர்ச்சி. கால் ஒருநாள் இருக்கிறது, ஒருநாள் இல்லை. பட்டாணி திரும்ப வந்துவிட்டது.

கேஸ் ஆள் புகைக்குழாயைப் புதிதாக மாற்றி, ஹீட்டரின் முத்திரையை எடுத்துவிட்டார். சுவரில் விஷவாயு எச்சரிக்கை மணியும் வைத்தாயிற்று. நான் பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். வெந்நீர்க் குழாயைத் தொடக் கை போகவில்லை.

மே 20, புதன்

தோள் தாங்காமல் பெரிய கத்திரியை இடது கைக்கு மாற்றிப் பார்த்தேன். துணி கோணிக்கொண்டது.

மே 28, வியாழன்

துளை போட்டார்கள். சத்தம் ஓய்ந்ததும் அவர் எழுந்து போய் முழங்கைவரை சுவருக்குள் விட்டு, “யாருப்பா அங்க?” என்றார். கீழ் வீட்டிலிருந்து குழந்தை கத்தியது, பதில் சொல்வது போல. அங்கேயும் இன்றுதான் போட்டிருக்கிறார்கள்.

மாப்பிள்ளையை ஏசிக்காரர் கூட்டிக்கொண்டு போனார். புதியது ஓடுவதே தெரியவில்லை. கதவடியில் நூல் பிடித்தேன். ஆடவில்லை. திரும்பவும் பிடித்தேன். திரும்பவும்.

“விடு கத்திரி” என்றார்.

ஜூன் 9, செவ்வாய்

வெளியே நெருப்பாகக் காய்கிறது. பெரிய வேலை இன்று. தோளைத் தூக்க முடியாமல் வந்து சேர்ந்தேன். பையைக் கழற்றவே சுவரில் சாய வேண்டியிருந்தது.

அறையில் அவரைக் காணோம். மேசையில் கணினி மூடியிருந்தது, கைத்தடி கட்டிலில். நடைக்கு ஓடினேன்.

இடுக்கில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். சமையலறை ஜன்னல் விரியத் திறந்திருந்தது. ஹீட்டருக்குள் நீலத் தீ. குளியலறையில் வாளி நிரம்பும் சத்தம். இன்னொரு கையை மேலே தூக்கிப் புகைக்குழாய் ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்திருந்தார். சிவப்பு நூல். என் சட்டையிலிருந்து எடுத்திருக்க வேண்டும்.

“எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?”

“உன் பஸ் வந்த சத்தம் கேட்டதிலேருந்து.” திரும்பவில்லை, நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெளியதான் போகுது, பாரு. நான் இங்கயே நின்னு பாத்துக்கறேன். நீ போய்க் குளி.”